ரூத் கேட்ட தேதி

ராயபுரம்,
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி டெரிக் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், ஃபாத்திமா, ரூத் மூவரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? முழங்காலில் நின்று நின்றே தேய்த்துக்கொண்டாய் என்கிறாள் ஃபாத்திமா. தைலம் தடவுகிறாயா, இல்லை அந்த வலியையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாயா?

தபால் நிலையத்தில் இன்லேண்ட் லெட்டர் கேட்டால், “இன்னா சார், ஜெயிலுக்கா எழுதுற?” என்று சிரிக்கிறார்கள். கன்னியர் மடத்துக்கு என்றேன். பெரிய வித்தியாசம் இருப்பதாக அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. நீ உள்ளே போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. உனக்குப் போன் கிடையாது. நேரில் வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாய். கடிதத்தை விட்டால் எனக்கு வேறு வழி ஏது?

இதை என் கண்டெய்னர் லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வண்டி வரிசை. நேற்றுக் காலை சேர்ந்தேன், துறைமுக கேட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை பத்தடி நகரும். இறங்கிப் போனால் பின்னால் இருக்கிறவன் முந்திவிடுவான். நம் வீடு இங்கிருந்து நடந்தால் பத்து நிமிஷம். வாரத்தில் நாலு நாள் இப்படி வீட்டுக்குப் பக்கத்திலேயே வெளியூரில் கிடக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஸ்கூலில் என்னையும் ஃபாத்திமாவையும் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த பையன் கலர் பென்சிலை உடனே தரவில்லை என்று ரூத் அவன் கையைக் கடித்துவிட்டாள். ஜூனிலிருந்து இது மூன்றாவது கடி. நாலரை வயதாகிறது, ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கமாட்டாள், கதை சொன்னால் முடிகிற வரைக்கும் உட்காரமாட்டாள். “மார்ச் வரைக்கும் பாக்கிறோம் சார். அடங்கலன்னா யூகேஜிக்கு வேற ஸ்கூல் பாத்துக்குங்க” என்று அந்த மிஸ் சொல்லிவிட்டார். கடைசியில் ஒன்று கேட்டார். “வீட்ல இவகூட யாரு சார் விளையாடறது?” நான் ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

நீ கோவில் நர்சரியில் ஆறு வருஷம் எல்கேஜி எடுத்தவள். அம்மா போன பிறகு என்னையும் நீதான் வளர்த்தாய். என்ன செய்யட்டும், சொல்லு.

உன் தம்பி,
டெரிக்


மடத்திலிருந்து,
2 அக்டோபர் 2024

பாசமுள்ள தம்பிக்கு,

நானும் இங்குள்ள சகோதரிகளும் நலம். உங்கள் மூவரையும் தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். முட்டி வலிக்கிறது, தைலமும் தடவுகிறேன். ஒப்புக்கொடுப்பதற்கு என்னிடம் வேறு எத்தனையோ இருக்கின்றன.

அந்த மிஸ் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. யார் விளையாடுவது?

பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ அப்பனைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. ஆறு வருஷத்தில் இருநூறு பிள்ளைகளையாவது பார்த்திருப்பேன். ‘பொறு, பொறு’ என்று சொல்லி எந்தப் பிள்ளையும் பொறுமை கற்றதில்லை. பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து விளையாட வேண்டும். விளையாட்டுக்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். சட்டத்தைப் பெரியவரும் மீறக் கூடாது. நீ அவளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது அவள் ‘போதும்’ என்றால் நிறுத்துகிறாய் அல்லவா, அதிலேயே பாதி பாடம் இருக்கிறது. எவ்வளவு ஆடலாம், எங்கே நிறுத்தலாம் என்பது அவளுக்கு அங்கேதான் புரியும். அம்மாக்கள் ஒரு விதமாக விளையாடுவார்கள், அப்பன்கள் வேறு விதம். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

அவளிடம் நிறையக் கேள். ‘இப்போது என்ன செய்யலாம், அப்புறம் என்ன செய்யலாம்?’ என்று கேள். பதிலை நீயே சொல்லிவிடாதே. உனக்கு எப்போதும் அவசரம்.

ஒரு விஷயத்தை மனதில் வை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதை எல்லாம் மதர் அலமாரியில் வைத்துவிட்டுப் பெருநாளன்றுதான் தருவார். உறைமேல் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் உடனே கைக்கு வரும்.

இயேசுவில் அன்புடன்,
அக்கா அடைக்கலமேரி


ராயபுரம்,
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். மழை வெளுத்து வாங்குகிறது, தெருவில் முழங்கால் தண்ணீர். மலைமேல் குளிர் அதிகமா? கம்பளி போதுமா?

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அன்றைக்கு ஸ்கூல் வாசலில் வைத்து ரூத்தை அறைந்தேன். “இன்னாத்துக்குடி கடிச்சே?” என்று கேட்டேன். “அவன் குடுக்கவே இல்ல நைனா, நான் கேட்டுகினே இருந்தேன்” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது அறையும் விழுந்தது. பொறுமை இல்லாத பிள்ளைக்குப் பொறுமை இல்லாத அப்பன் பாடம் எடுத்த லட்சணத்தைப் பார். அதற்குப் பிறகு என் கை உயர்ந்தாலே அவள் கண்ணை மூடிக்கொண்டாள், தலை சீவக் கை தூக்கினால்கூட. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது புது ஏற்பாடு. ஃபாத்திமா ரத்தப் பரிசோதனை லேப் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு கேரியரையும் ரூத்தையும் வரிசைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள். ரூத் வண்டியில் ஏறிக்கொள்வாள். முதல் நாள் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டிவிட்டாள். முன்வண்டி டிரைவர் ராசையா இறங்கி வந்து, “இன்னா மாமு, ட்யூட்டியை மாத்தி விட்டியா?” என்றார்.

அப்புறம் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். ராசையா வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறவரை நாங்கள் இருவரும் சிலை. அசையக் கூடாது, பேசக் கூடாது. விளக்கு அணைந்து வண்டி நகர்ந்தால் கத்தலாம், ஹாரன் அடிக்கலாம். முதல் நாள், “ஆடாத ரூத்து, ஆடாத” என்று நான் சொல்லியும் பத்து எண்ணுவதற்குள் ஆடிவிட்டாள். இப்போது நான் இருநூறு எண்ணினாலும் அசைவதில்லை. சட்டமும் அவளே போடுகிறாள். “மூக்கு சொறிஞ்சா அவுட்டு நைனா. நீயும்தான்.” நான் மூன்று தடவை அவுட்.

ஒரு நாள் உதடு மட்டும் அசைந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். “ஆடாத ரூத்து, ஆடாத, தோ இப்ப போவும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடி இல்லாமல் ஆறு வாரம் ஆகிவிட்டது, அக்கா.

டெரிக்


மடத்திலிருந்து,
8 ஜனவரி 2025

பாசமுள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் புத்தாண்டில் நலமுடன் இருக்க மன்றாடுகிறேன். இங்கே குளிரில் கை விறைக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் அன்று கைக்கு வந்தது. நாலு தடவை படித்தேன். சாப்பாட்டு வேளையில் சகோதரிகளுக்கும் படித்துக் காட்டினேன். நீ மூன்று தடவை அவுட் ஆன இடத்தில் மதர்கூடச் சிரித்துவிட்டார்.

‘ஆடாத ரூத்து’ என்று அவள் சொல்லிக்கொண்டாளே, அதை லேசாக நினைக்காதே. அது உன் குரல். முதலில் நீ வெளியிலிருந்து சொன்னாய். இப்போது அவளே உள்ளேயிருந்து சொல்லிக்கொள்கிறாள். நீ இல்லாத வகுப்பிலும் அந்தக் குரல் அவளோடு இருக்கும். கொஞ்ச காலத்துக்காவது அந்தக் குரலுக்குரிய ஆள் தினமும் பக்கத்தில் இருக்க வேண்டும். செடி வேர் பிடிக்கிற வரைக்கும் பிடுங்கி நடக் கூடாது.

நம் அப்பா என்னோடு விளையாடியதாக எனக்கு நினைவில்லை. ஹார்பரில் மூட்டை இறக்கிவிட்டு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். உன்னோடும் அப்படித்தான் இருந்திருப்பார். நீ இதை எங்கே கற்றாய் என்று ஆச்சரியமாக இருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது.

அக்கா


ராயபுரம்,
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

முதலில் நல்ல செய்தி. ரூத்தை யூகேஜியில் சேர்த்துக்கொள்கிறார்கள். “இன்னா மருந்து சார் குடுத்தீங்க?” என்று மிஸ் கேட்டார். மாலையில் மூன்று மணி நேரம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இரண்டாவது செய்தி நல்லதா கெட்டதா என்று நீதான் சொல்ல வேண்டும். நம் தெரு ஜெரி ஓமானில் ஒரு துறைமுகத்தில் வண்டி ஓட்டுகிறான். அங்கே எனக்கும் இடம் இருக்கிறது என்கிறான். இரண்டு வருஷம். திரும்பி வந்தால் சொந்தமாக ஒரு வண்டி வாங்கலாம். வரிசையில் நிற்க வேறு டிரைவரைப் போட்டுவிட்டு நான் தினமும் வீட்டில் இருக்கலாம். இப்போது நாலு நாள் போகிறது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் ஏழு நாளும் ரூத்தோடு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறேன். போ என்றும் சொல்லாமல் போகாதே என்றும் சொல்லாமல் இருக்கிறாள் ஃபாத்திமா.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி கிளம்ப வேண்டும். உன் வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, போதும். பதில் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

டெரிக்


மடத்திலிருந்து,
உயிர்ப்பு ஞாயிறு, 20 ஏப்ரல் 2025

தம்பி,

போகாதே. போய்விட்டிருந்தால் திரும்பி வா.

இன்று காலைப் பூசை முடிந்ததும் மதர் கடிதங்களைத் தந்தார். உன்னுடையது அடியில் இருந்தது. பிப்ரவரி 26 என்று தேதி போட்டிருக்கிறாய், தபால் முத்திரையில் மார்ச் 4 என்று இருக்கிறது. ஆறு நாள் எங்கே வைத்திருந்தாய்? வண்டியிலா? மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளுக்கு மேல் அது அலமாரியில் கிடந்தது. நான் தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் சிற்றாலயத்துக்குப் போனேன்.

உறைமேல் ‘அவசரம்’ என்று நீ ஏன் எழுதவில்லை? காரணம் எனக்கே தெரியும். நம் வீட்டில் அவசரம் என்று வந்த தபால் எல்லாம் சாவுச் செய்திதான். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்திருப்பாய்.

நான் வாயைத் திறக்காமல் இருந்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உனக்கு ஐந்து வயதிலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது, நான் மறந்துவிட்டேன். இன்றைக்கு எல்லோரும் அல்லேலூயா பாடுகிறார்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ராயபுரம்,
12 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஃபாத்திமா எழுதுவது. நானும் ரூத்தும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஈஸ்டர் அன்று நீங்கள் எழுதியது கிடைத்தது. அவர் அதற்குப் பதினோரு நாளுக்கு முன்பே போய்விட்டார். அவர் பெயருக்கு வந்ததை நான் பிரித்தது தப்புதான். படித்துவிட்டு பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவா, வேண்டாமா? அங்கே இப்போதுதான் வேலை பழகுகிறார். இதைப் படித்தால் உடைந்துபோவார். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அவர் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். போகிற அன்று ரூத்திடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அழுவாள் என்று பயந்துவிட்டார். “கேட் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்டி கண்ணு” என்றுதான் சொன்னார். பெட்டியை ஜெரியின் மனைவி முன்னாடியே தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டாள். ரூத் டாட்டா காட்டினாள்.

நாலு நாள் அவள் வாசலை விட்டு நகரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், “வரிசை நெறய கீதும்மா. நைனா மெதுவாதான் வரும்” என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். ஐந்தாம் நாள் வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வேறு ஊர், வேறு கட்டில். “இது நம்ம வண்டி இல்ல” என்றாள். போனைச் சுவரில் அடித்துவிட்டாள். அன்றைக்கு என் கையைக் கடித்தாள். தையல் போடவில்லை, ஆனால் தழும்பு இருக்கிறது.

மறுபடியும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. தெருவில் பிள்ளைகளை அடிக்கிறாள். ஒரு வேலையை ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுகிறாள். “நைனா எப்ப வரும்?” என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறாள்.

ஃபாத்திமா


மடத்திலிருந்து,
3 ஜூன் 2025

அன்புள்ள ஃபாத்திமாவுக்கு,

உன்னையும் பிள்ளையையும் மாதா காப்பாற்றட்டும். கைக்காயத்துக்கு மருந்து போட்டாயா?

என் கடிதத்தை அவனுக்கு அனுப்ப வேண்டாம். போன இடத்தில் அவன் மனதைக் கலைக்கக் கூடாது. இரண்டு வருஷம் ஓடிவிடும். பிள்ளை கேட்டால் ஒளிக்காமல் சொல்லு. மாதங்களைச் சுவரில் கோடு போட்டுக் காட்டு.

அவன் சொல்லிவிட்டுப் போன பொய்யைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

நான் ஜெபிக்கிறேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி


ஓமான்,
15 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மாதா விண்ணேற்புப் பெருநாள். நலமாக இருக்கிறேன், நீயும் நலமா? ஜெரி விடுமுறையில் ஊருக்கு வருகிறான். இதை அவனிடம் கொடுத்து நம் டோல்கேட் பக்கம் தபால் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று முதலில் வருத்தம்தான். சம்மதம் இல்லாவிட்டால் எழுதியிருப்பாய் என்று தேற்றிக்கொண்டேன்.

வேலை சுகம். எட்டு மணி நேரம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இங்கே வரிசை என்பதே கிடையாது. வண்டியை நேராக உள்ளே விடுகிறார்கள். நாலு மணிக்கெல்லாம் ரூமில் இருக்கிறேன். நம் ஊரில் நாலு மணிக்கு நான் இப்படி விடுபட்டிருந்தால்! இங்கே அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரூமில் கூட இருக்கும் ஒவைஸ் காயல்பட்டினத்துக்காரன். அவனும் நானும் தாயம் ஆடுகிறோம். அவனுக்கும் ஊரில் ஒரு பையன் இருக்கிறான். ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொள்வோம்.

ரூத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பரவாயில்லை. முன்பெல்லாம் போனை எடுத்தாலே “எப்ப வர்ற, எப்ப வர்ற” என்று நச்சரிப்பாள். ஜூலையிலிருந்து கேட்பதில்லை. ஸ்கூலிலும் அடங்கியிருக்கிறாள் என்று ஃபாத்திமா சொன்னாள். பழகிவிட்டாள். எனக்கும் நிம்மதி.

டெரிக்


மடத்திலிருந்து,
7 செப்டம்பர் 2025

தம்பி,

ஃபாத்திமா, இதைப் படம் எடுத்து அவனுக்கு உடனே அனுப்பு. பைபிளுக்குள் வைத்திருக்கிற கடிதத்தையும் சேர்த்து அனுப்பு. அனுப்ப வேண்டாம் என்று ஜூன் மாதம் சொன்னது என் குற்றம். மறைத்தது நீ அல்ல.

டெரிக், அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். வேலையை விட்டுவிட்டு வா. சொந்த வண்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வரிசையிலேயே நின்றுகொள்.

ஏன் என்று இப்போது கேட்காதே.

அக்கா


ராயபுரம்,
10 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டிக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக மதர் கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தார். மறுக்காதே, செய்துகொள்.

நவம்பர் 22ஆம் தேதி வந்துவிட்டேன். பாதியில் விட்டதற்கு அங்கே முகத்தைச் சுளித்தார்கள். பழைய வண்டியே கிடைத்தது, பழைய வரிசைதான். ராசையா கட்டிப்பிடித்துக்கொண்டார். உன் இரண்டு கடிதத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை. கடிதத்தை எழுதிவிட்டு ஆறு நாள் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவைத்தது நான்தான். இறங்கிப் போய்ப் போட்டால் இடம் போய்விடும் என்று பார்த்தேன்.

ஏர்போர்ட்டில் ரூத் ஓடி வரவில்லை. ஃபாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். “வாங்க” என்றாள். என்னை அவள் ‘நீ’ என்றுதான் சொல்வாள், உனக்குத் தெரியுமே. “ஃப்ளைட்டு நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள், எவ்வளவு நல்ல பிள்ளை என்று மெச்சினார்.

மிஸ்ஸும் மெச்சுகிறார். “டோட்டலா மாறிட்டா சார். ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல.” யாரையும் கடிப்பதில்லை. எதற்கும் அழுவதில்லை. பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினால் கொடுத்துவிடுகிறாள். நான் ஆசைப்பட்டது இதுதான், அக்கா. கையில் கிடைத்ததும் வேண்டாம் என்று இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நைனா, நீங்க எந்தத் தேதி போவீங்க?” என்று கேட்டாள். நான் போகமாட்டேன் என்றேன். “பொய் சொல்லாதீங்க. தேதி மட்டும் சொல்லுங்க.” எதற்கு என்று கேட்டேன். “தேதி தெரிஞ்சா, இப்பவே அழுது முட்ச்சிடுவேன். அன்னிக்கு அழமாட்டேன்” என்றாள்.

‘இப்போது என்ன, அப்புறம் என்ன’ என்று யோசிக்க நாம்தானே கற்றுக்கொடுத்தோம். நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்ததும் கேட்கிறாள். “இன்னிக்கு சொல்வீங்களா, எந்தத் தேதி?” எங்கேயும் போகமாட்டேன் என்று தினமும் சொல்கிறேன். மாதா மேல் சத்தியம்கூடச் செய்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் கேட்கிறாள். ஐம்பது நாளாகப் போகிறது. சில நாள் எனக்கே கோபம் வருகிறது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொள்கிறேன்.

எப்போது கேட்பதை நிறுத்துவாள், அக்கா? நீ எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள். அவள் நிறுத்திய மாதத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது, நீயோ உடனே வா என்றாய். ஏன் என்று கேட்காதே என்றாய், கேட்காமல் வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

டெரிக்


மடத்திலிருந்து,
12 பிப்ரவரி 2026

என் டெரிக்குக்கு,

நலம். ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன். புதன்கிழமை சாம்பல் புதன். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்பதால் உறைமேல் ‘அவசரம்’ என்று எழுதியிருக்கிறேன். பயப்படாதே, யாரும் சாகவில்லை.

அவள் எப்போது நிறுத்துவாள் என்று எனக்குத் தெரியாது. நீ எப்போது நிறுத்தினாய் என்பது மட்டும் தெரியும்.

அப்பா எனக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். போஸ்ட் கார்டு. நான் இங்கே வந்து எட்டாவது மாதம், உனக்கு ஒன்பது வயது ஆரம்பித்த சமயம். யாரிடமோ சொல்லி எழுதவைத்திருக்கிறார். நாலே வரி. ‘பையன் ஆரம்பத்தில் தினமும் சாயங்காலம் அக்கா இன்றைக்கு வருமா என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இப்போது கேட்பதில்லை. பழகிவிட்டான், நீ நிம்மதியாக இரு.’

அதைப் படித்துவிட்டு நேரே சிற்றாலயத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அன்றைக்குத்தான் இங்கே முதல் தடவையாக அயர்ந்து தூங்கினேன். இருபத்தைந்து வருஷம் அதை நல்ல செய்தி என்றே வைத்திருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ வந்து நின்றபோதெல்லாம், எதுவும் கேட்காத, எதற்கும் தொந்தரவு தராத தம்பி என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். உன் ஓமான் கடிதத்தில் அப்பாவின் அதே வார்த்தைகளைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரூத் இன்னும் கேட்கிறாள். நாளைக் காலையும் கேட்பாள். நீ அங்கே இருக்கிறாய், பதில் சொல்லு. ஐந்நூறு நாள் கேட்டாலும் சொல்லு. அன்றைக்கு நீ கேட்டபோது பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நீ கேட்டதற்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வேளாங்கண்ணிக்குப் போய் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்ட
அக்கா